நம்பர் கம்மியாகத்தான் இருக்கிறது

எங்கள் வீட்டில் பொங்கல், தீபாவளி போக இன்னொரு பண்டிகை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். என் வீட்டுக்காரர் சம்பத்துக்கு ரத்தம் எடுத்து, பி.எஸ்.ஏ. என்கிற நம்பர் வரும் நாள் அது. நம்பர் கம்மியாக இருந்தால் மனுஷன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போவார். அங்கே அவர் தோஸ்த் சர்தார் பாஷா துண்டுத் தோல் கடை வைத்திருக்கிறார். "பாஸ் ஆயிடுச்சு பாஷா" என்பார் இவர். பாஷா பாய் சமோசா வரவழைப்பார். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் எங்கள் பையன் ஜீவா போன் செய்து நம்பரைக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவான். நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, அப்பாடா என்று ஒரு மூச்சு விடுவேன். இந்த ஒரு மூச்சுக்காக நான்கு வருஷமாய் ஓடிக்கொண்டிருந்தேன்.

வியாதி ப்ராஸ்டேட்டில். ஆம்பிளைகளுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற ஒரு சுரப்பி அது. அப்படி ஒன்று அவருக்கு இருப்பதே கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து வேலூர் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். கேன்சர், இடுப்பெலும்பு வரைக்கும் போயிருக்கிறது, ஆனால் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். அந்தப் புற்றுக்கு ஆண் ஹார்மோன்தான் சாப்பாடாம். அதை நிறுத்த ஒரு ஊசி, கூட மாத்திரை. நூற்றுச் சொச்சத்தில் இருந்த நம்பர் சரசரவென்று இறங்கி ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

ஊசி போட்ட பிறகு அவருக்கு உடம்பெல்லாம் குபீர் குபீர் என்று சூடு ஏறும். மார்கழியில் பனியனைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பார். மாதவிலக்கு நின்றபோது எனக்கு வந்த அதே அவஸ்தை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"இப்ப தெரியுதா?" என்று கேட்டேன். "நான் வேர்த்து வழிஞ்சிட்டு நின்னப்ப இன்னா சொன்ன? ஃபேனைப் போட்டுக்கோடின்ன."

"சாபம் வுட்டுட்டியா அரசி?"

"வுட்டிருந்தா இன்னும் ஜாஸ்தியா வுட்டிருப்பேன்."

சிரிப்பார். அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கும் சிரிக்கத் தெம்பு இருந்தது.

இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு ஆள் சரியில்லை. முதலில் பெல்ட்டைத்தான் கவனித்தேன். அவரே உளி வைத்து அதில் புதிதாய் ஒரு ஓட்டை போட்டிருந்தார். கொஞ்ச நாளில் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. என்னய்யா இது என்று கேட்டதற்கு, "தோலுன்னா இழுத்துக்கும், பெல்ட்டு நீண்டுபோச்சு" என்றார். நாற்பது வருஷம் டேனரியில் தோலைத் தரம் பிரித்த மனுஷன். தோலைப் பற்றி அவர் சொன்னால் நான் என்ன சொல்ல முடியும். ஆனால் இரண்டாவது தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததற்குத் தோலைக் காரணம் சொல்ல முடியாது. பகலில் படுத்தால் எழுந்திருக்காமல் கிடந்ததற்கும் முடியாது.

வேலூர் போய்க் காட்டலாம் என்றேன்.

"வேலூருன்னா ஒரு நாள் போச்சு. உனக்கும் லீவு. முதல்ல நம்பரைப் பாப்போம்" என்றார்.

எங்கள் ஊர் ஆம்பூரிலேயே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தார். நம்பர் கம்மி. சமோசா. ஊசியையும் இங்கேயே ஒரு நர்ஸம்மாவிடம் போட்டுக்கொண்டார். நான் மறுபடி முனக ஆரம்பித்தேன். மூன்று மாதம் முடியக்கூட இல்லை, நான் சொல்லாமலே போய் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். நம்பர் போன தடவையைவிடக் கம்மி. பாஷா பாய் வீட்டுக்கே வந்து, "உங்காளு நூறு வருஷம் இருப்பாரும்மா, நீங்க சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். நம்பர் இவ்வளவு அழகாக இருக்கும்போது நான் எதைக் காட்டிச் சண்டை போடுவது? பெல்ட்டையா?

அதோடு எனக்கு ஓய்ச்சல். அதையும் சொல்ல வேண்டும். ஷூ கம்பெனியில் பேக்கிங் பக்கம் என் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் முட்டி இரண்டும் தனியாகக் கழன்று விழுந்துவிடும்போல இருக்கும். இந்த லட்சணத்தில் சண்டை போட்டு ஒரு ஆம்பிளையை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக வேண்டுமென்றால் தெம்புக்கு எங்கே போவது.

சித்திரையில் ஒரு நாள் குனிந்து செருப்பை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். உதடு வெளுத்துவிட்டது. என்ன என்றால் வாயு என்கிறார். அதுவரைக்கும் இருந்த பொறுமை அன்றைக்கு எனக்குப் போய்விட்டது.

"நாளைக்கு வேலூர். வரலன்னா பாஷா பாய் கடை முன்னால உக்காந்து ஊரைக் கூட்டி அழுவேன். செய்ய மாட்டேன்னு மட்டும் நெனைக்காத."

செய்வேன் என்று அவருக்குத் தெரியும். வந்தார்.

வேலூரில் ஆரம்பத்திலிருந்து இவரைப் பார்க்கிற டாக்டர் ஹேமலதா வயிற்றை ஒரு அழுத்து அழுத்தினார். அதற்கு மேல் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதினார். ரிசல்ட்டுக்கு வரும் அன்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அந்த நாள் போனோம். ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஈரல்ல புள்ளி புள்ளியா இருக்கு. அது அங்க போயிருக்கறதா சந்தேகப்படறேன்."

"நம்பர் கம்மியாத்தானே மேடம் இருக்குது?" என்றார் இவர். கேட்ட குரலில் ஒரு ஆச்சரியமும் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

"கம்மிதான். அதான் எனக்குக் கவலை."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நம்பர் ஏறினால் கவலை என்று நான்கு வருஷமாய்ச் சொன்னது இதே டாக்டர். அதைக் கேட்டும் விட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து வட்டம் போட்டார்.

"அந்த சுரப்பிக்குள்ள இருக்கற செல் எல்லாம் ஒரே வகை இல்லம்மா. உள்பக்கமா ஒரு வரிசை இருக்கு, சுரக்கறது அதோட வேலை. நீங்க பாக்கற நம்பர் அது விடற சரக்கு. அதுக்கு அடியில தாங்கிப் பிடிக்கறதுக்கு ஒரு வரிசை. இது ரெண்டுக்கும் நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணா மூணாவதா ஒரு வகை. பாதி நரம்பு செல் மாதிரி. ரொம்பக் கம்மியா இருக்கும், யார் கண்ணுக்கும் படாது. அதுக்கு ஆண் ஹார்மோனும் வேண்டியதில்ல."

காகிதத்தில் மூன்று விதமாய்ப் புள்ளி வைத்தார். இவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு வந்த புற்று முதல் வகை மாதிரி. நாலு வருஷமா ஹார்மோனை நிறுத்தி அதைப் பட்டினி போட்டோம். நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா சில பேருக்கு என்ன ஆகும்னா, பட்டினியிலயும் பொழைச்சுக்கிட்ட செல்லு தன் வேலையையே மாத்திக்கும். சுரக்கறதை விட்டுட்டு அந்த மூணாவது வகை மாதிரி ஆயிடும். அப்புறம் அதுக்கு நம்ம ஊசியும் உறைக்காது, அது நம்பரையும் விடாது."

"அப்ப அந்த நம்பர் பொய்யா மேடம்?"

"பொய் இல்லம்மா. அது எந்த செல்லைக் காட்டணுமோ அதைக் காட்டுது. இப்ப வளர்றது வேற செல்லா இருக்கலாம்."

எனக்கு அங்கேதான் புரிந்தது. கம்பெனியில் என் வேலை என்ன? ஷூ டப்பாவுக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியையும் மெட்டல் டிடெக்டரில் விடுவது. தைக்கும்போது முறிந்த ஊசிமுனை உள்ளே தங்கியிருந்தால் கத்தும். ஆனால் அது இரும்புக்குத்தான் கத்தும். பித்தளைக்குக் கத்தாது. மிஷின் கத்தவில்லையென்றால் இரும்பு இல்லை என்று அர்த்தம், உள்ளே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் கிடையாது. வருஷக்கணக்காய் அதன் பக்கத்தில் நிற்கிற எனக்கு, வீட்டில் அது தோன்றவில்லை.

"இப்பவும் சந்தேகம்தான்" என்றார் டாக்டர். "ஈரல்லேருந்து ஊசியில ஒரு துணுக்கு எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதுவா இருந்தா மருந்தே வேற. அந்த வகை வேகமா ஓடும், நாம யோசிக்க நேரம் குடுக்காது. இன்னிக்கு மூணு மணிக்கு ஒரு இடம் இருக்கு, அதுக்குத்தான் வெறும் வயித்தோட வரச் சொன்னேன். விட்டா அடுத்து எப்ப கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அது வரைக்கும் டீ, தண்ணி எதுவும் வேணாம்."

இவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாஸ் ஆன மாலைப் பிரிக்க மாட்டாங்க மேடம்" என்றார். வணக்கம் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. டேனரியில் சரக்குக்கு மால் என்று பேர், அங்கே அது ஒரு பழக்கம். வாங்குகிறவனுடைய ஆள் வந்து பார்த்து, கட்டின் மேல் முத்திரை குத்திவிட்டால் அப்புறம் அந்தக் கட்டை ஒருவனும் அவிழ்க்க மாட்டான். மனதில் சந்தேகம் இருந்தாலும் அவிழ்க்க மாட்டான். அவிழ்த்து உள்ளே பழுது தெரிந்தால், அவிழ்த்தவன் தலையில்தான் அது விடியும். தோலுக்குச் சரி. உடம்புக்கு எவன் முத்திரை குத்தினான்?

"மூணு மணிக்குள்ள கூட்டினு வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்லிக்கொள்கிறேன், என் முட்டிக்கு அது நடை. வராந்தா நிறைய வைத்தியத்துக்கு வந்த வங்காளத்து ஜனங்கள், பெட்டி படுக்கையோடு. அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் இவர் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருக்கிறார். நானும் அதே ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். எங்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. சண்டை போடக்கூட வழியில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்ணாலேயே திட்டிக்கொண்டு வந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆம்பூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுவார் என்று நினைத்தேன். ஏறவில்லை. டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னார். சர்க்கரை தூக்கலாக வேறு. எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், இன்றைக்கு ஊசி கிடையாது. நானே திரும்பக் கூட்டிக்கொண்டு போனாலும் குத்த மாட்டார்கள். கள்ளன்.

டம்ளர் அவர் கைக்கு வந்தது, உதட்டுக்குப் போவதற்குள் பிடுங்கிவிட்டேன். பாதி என் புடவையில் கொட்டியது. சுட்டது. மிச்சத்தை அவர் கண் முன்னாலேயே நான் குடித்தேன். காலையிலிருந்து அவரோடு சேர்ந்து நானும் பட்டினி. அந்த நேரத்திலும் அந்த டீ எனக்கு நன்றாக இருந்தது, அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"உக்காருய்யா" என்றேன். டாக்டர் முன்னால் நீங்க, வாங்க என்பதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி.

பெஞ்சில் உட்கார்ந்தார். உட்காரும்போது விலாவைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியும் அரசி."

"இன்னா தெரியும்?"

"அங்க இருக்குன்னு. பொங்கலுக்கு முன்னவே. குளிக்கறப்ப கை பட்டுச்சு. விலாவுக்குக் கீழ கெட்டியா, ஓரமெல்லாம் கரடா. தெனம் தொட்டுப் பாப்பேன். பெருசாயிட்டே வந்துச்சு."

பஸ் ஸ்டாண்டு சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது எனக்கு. தோலில் ஒரு ஈ கடித்த தழும்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுகிற கை அது. அந்தக் கைக்குத் தன் வயிறு தெரியாமல் இருக்குமா. நான்தான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குய்யா நம்பர் நம்பர்னு லேபுக்கு ஓடின?"

அவர் தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"சரக்கு வாங்கற பையர் வந்தான்னா சாம்பிளு எங்கேருந்து வெட்டுவோம் தெரியுமா? முதுகுலேருந்து. அங்கதான் தோலு கெட்டியா, மழமழன்னு இருக்கும். வயித்துப் பக்கம் தொளதொளன்னு கெடக்கும், அதைக் காட்டவே மாட்டோம். முதுகுத் துண்டைத் தடவிப் பாத்துட்டு அவன் சந்தோசமா போயிடுவான். எனக்கு எது பாஸ் ஆவும்னு தெரியும் அரசி. அதை மட்டும் குடுத்துனு இருந்தேன்."

"யாருக்கு? நான் இன்னா பையரா?"

"நம்பர் வர்ற அன்னிக்குத்தான் நீ தூங்கற."

காலி டம்ளரை பெஞ்சில் வைத்தேன்.

"மத்த நாள்ல நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கினு மூக்குல விரலை வெச்சுப் பாக்கற. எனக்குத் தெரியாதா? அப்புறம் எழுந்து உக்காந்துக்கற. காலைல கம்பெனி பஸ்ல நின்னுக்கினே தூங்கறேன்னு உன் கூட வர்றவளுங்க சொன்னாளுங்க. நம்பர் வந்துச்சுன்னா நாலு நாளு அசந்து தூங்குவ. வாயைப் பொளந்துக்கினு. அதைப் பாக்கறதுக்கு…" என்று நிறுத்தினார். "எப்பிடியும் போவப் போற உசுரு. நீயாவது தூங்கட்டும்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உச்சந்தலை வரைக்கும் வந்தது.

"யாருய்யா கேட்டா உன்னை? என் தூக்கத்துக்கு உன் ஈரலைக் குடுன்னு நான் கேட்டனா? பொங்கல்லேருந்து சித்திரை வரைக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே இழுத்துக்கினு வந்திருப்பேனே. நீ அந்தக் கட்டியைத் தனியா தடவிக்கினு உக்காந்திருப்ப, நான் பக்கத்துல கொறட்டை வுட்டுனு கெடப்பேன். நல்லா இருக்குதா இது? பொண்டாட்டியாய்யா நானு, இல்ல வாடகைக்கு வந்தவளா?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். முப்பத்து நான்கு வருஷமாய் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணுகிறேன். அவர் என்னை இவ்வளவு பிரியமாய் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரிந்ததே அந்த பெஞ்சில்தான். அதற்காகவே அவரை நாலு சாத்து சாத்தலாம்போல இருந்தது.

"எழுந்திரு" என்றேன்.

"குத்திப் பாத்து இன்னா ஆவப்போவுது?"

"தெரியாது. மருந்து இருக்குதுன்னு அந்தம்மா சொல்லுது. தெரிஞ்சுக்கலாம்."

"தெரிஞ்சா நீ தாங்குவியா?"

"தாங்க மாட்டேன். வா."

என்னைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார், தூக்கிவிடச் சொல்லி. தூக்கினேன். எலும்பாய் இருந்தார்.

மூன்று மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். உள்ளே கூட்டிப்போனார்கள். அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸ் பெண் வந்து, "செருப்பைக் கீழ வைங்கம்மா, யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க" என்றாள். அப்போதுதான் மடியில் வைத்திருப்பதே தெரிந்தது.

துணுக்கைச் சாயம் போட்டுப் பார்க்க ஒரு வாரம் ஆனது. அதுவேதான். டாக்டர் மழுப்பவில்லை. செல் தன் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டது, அதனால் மருந்தையும் மாற்ற வேண்டும், இரண்டு மருந்து சேர்த்து நரம்பில் ஏற்ற வேண்டும் என்றார். நன்றாகவே சுருங்கும், ஆனால் திரும்பி வரும். திரும்பி வருவதற்குள் கிடைக்கிற காலம் எவ்வளவு என்று கேட்டேன். மாதக் கணக்கில் என்றார். பொங்கலுக்கே வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் தொண்டையிலேயேதான் இருக்கிறது.

"இனிமே பி.எஸ்.ஏ. பாக்க வேண்டாம். அதுல நமக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல" என்றார் டாக்டர்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியாதியின் பெயரைக் கேட்டுக்கூட அப்படி ஆகவில்லை.

"அப்ப எதை வெச்சுப் பாக்கறது மேடம்?"

"ஸ்கேன் எடுப்போம். மத்தபடி நீங்க சொல்றதுதான். வலி, பசி, தூக்கம். எதையும் மறைக்காம இவங்ககிட்ட சொல்லணும்."

வீட்டுக்கு வந்தோம். பாஷா பாய் கடையை விட்டு இறங்கி வந்தார். "நம்பர் எவ்ளோ சம்பத்து?" என்றார் பழக்க தோஷத்தில்.

"நம்பர் கம்மியாத்தான் இருக்குது பாஷா" என்றார் இவர். "மாலு ஃபெயில்."

பாஷா பாய் என் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், எப்போதும்போலச் சமோசாவுக்கு ஆளை அனுப்பிவிட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். இவர் பாதி சாப்பிட்டார்.

முதல் மருந்து ஏற்றி வந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம். நான் லீவு போட்டிருந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"எப்பிடி இருக்குது?" என்றேன்.

"பரவால்ல."

நான் போகவில்லை, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"இனிமே எதைக் காட்டி உன்னைத் தூங்க வெக்கறது அரசி?"

"என்னைத் தூங்க வெக்காத. கூட முழிச்சிக்கினு இருக்க வுடு."

தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். மூக்கில் விரலை வைத்துப் பார்க்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன். அப்போது மெதுவாக, விலாவைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் புரண்டு படுத்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"வலிக்குது" என்றார்.

"எங்க?"

என் கையைப் பிடித்து எடுத்துப்போய் வயிற்றில் வைத்தார். துணுக்கு எடுக்க ஊசி குத்தின தழும்புக்குக் கொஞ்சம் கீழே. தோலுக்கடியில் கெட்டியாக என் விரலுக்கு முட்டியது.

"ரொம்பவா?"

"ரொம்ப அரசி. ரொம்ப நாளா."

மாத்திரை எடுத்து வருகிறேன் என்று எழப் பார்த்தேன். அவர் என் கையை விடவில்லை. சரி, மாத்திரை கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம் என்று நானும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.